டொக்கு மாமா

சத்தம் இன்னும் ஈரமாகவே இருந்தது. பெரியவள் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் குமிழை மயிரிழை அளவு திருப்பினாள். மேலேயிருந்து சரேலென்று கீழே விழுகிற ஓர் ஒலி அலை; விழுந்த இடத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். நிற்க மாட்டேன் என்றது. சேற்றில் கால் வைத்த மாதிரி பின்னால் ஓர் இழுவை. சத்தத்தின் வாலை நறுக்கினாள். இப்போது காய்ந்துவிட்டது, ஆனால் காலி அட்டைப்பெட்டியை உதைத்தது போல் ஆகிவிட்டது. பழையபடி திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

மேசை என்று அவளிடம் இருந்தது ஒரு பழைய கதவு. நான்கு ஸ்டூல்களின் மேல் படுக்கப் போட்டிருந்தாள். தாழ்ப்பாள்கூட இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் மின்சாரத்தில் சத்தம் உண்டாக்கும் மூன்று சின்தசைசர்கள், ஒன்றுக்கு மேல்மூடி கிடையாது, குடல் சரிந்த மாதிரி ஒயர்கள் வெளியே தொங்கும். தோல் இல்லை, கட்டை இல்லை, குச்சி இல்லை. மின்சாரத்தை வளைத்து, வெட்டி, வடிகட்டி, அடி விழுந்தது போல் ஆக்குவது அவள் தொழில். மழை பெய்கிற மாதிரியான வெறும் இரைச்சலை எடுத்து, அதன் மேல்பக்கத்தை மட்டும் விட்டால் பித்தளைத் தட்டு அடிக்கிற சத்தம் வரும். கொஞ்சம் இறக்கி அதற்குள் ஒரு சுருதியைச் செருகினால் டிரம் அடி. அதையே துண்டு துண்டாக நறுக்கி அடுத்தடுத்து விட்டால் கைதட்டல். கீபோர்டு ரிப்பேர் கடையில் வருஷக்கணக்காகக் குனிந்திருந்து, செத்துப்போன கருவிகளைத் திறந்து திறந்து பார்த்ததில் அவளாகப் பிடித்துக்கொண்டது இது.

ஒரு காலத்தில் பாட்டுக்கு இசை கோர்க்கிறவர்கள் அவளைத் தேடி மாடிப்படி ஏறி வந்தார்கள். இப்போது ஆயிரம் டிரம் சத்தங்கள் ஒரே கட்டாகக் கம்ப்யூட்டரில் கிடைக்கின்றன. இன்றைக்கு ஒருவர், போனால் போகிறது என்று, "ஒண்ணு மட்டும் பண்ணி அனுப்புங்க, பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒன்றைத்தான் காலையிலிருந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தாள். நாலு அடி விழுவதற்குள் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் கூரையை இடித்தார்.

"அவரோடது உன்னோடதைவிட நல்லா இருக்குக்கா" என்றபடி சின்னவள் உள்ளே வந்தாள். ஷிஃப்ட் முடிந்து வருகிற வழியில் வாங்கிய காய்கறிப் பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். தலையில் பாக்கிங் ஷெட்டில் போட்டுக்கொள்ளும் வலைத்தொப்பி இன்னும் இருந்தது.

"தொப்பியைக் கழட்டுடி. கொசுவலைக்குள்ள படுத்திருக்கிற மாதிரி இருக்கே."

"கழட்டினா முடி கொட்டுறது தெரிஞ்சுடும்." கழற்றினாள். "அக்கா, உனக்கு ஒரு வேலை பிடிச்சிருக்கேன். திட்டக் கூடாது."

சின்னவளின் கணவன் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருந்தான். அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு கிடையாது. இரண்டு அறைகளில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். இப்போதைக்கு அடுப்பு எரிவது சின்னவளின் வேலையால்தான் என்பதும் பேசப்படாத விஷயம்.

அவள் வேலை செய்தது மருந்து பாக்கிங் ஷெட்டில். மாத்திரைப் பட்டைகள் பெல்ட்டில் வரும். காகிதத்தை மடித்து, பட்டைகளை அடுக்கி, டப்பாவுக்குள் சொருகி, மூடியை அழுத்தி அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். அங்கே முன்பு பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எந்தப் பாட்டு என்பதில் இரண்டு பெல்ட் லைன்களுக்கும் சண்டை வந்து மேனேஜர் அதை நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகு எல்லோரும் தூங்கி வழிந்தார்கள்.

"பாட்டுன்னா வாய் அசையுதாம், வாய் அசைஞ்சா கை நிக்குதாம். அதனால வெறும் தாளம் மட்டும் வேணுமாம். யாராவது தெரியுமான்னு சூப்பர்வைசர் கேட்டார். எங்க அக்கா இருக்கான்னு கை தூக்கிட்டேன்."

"நான் என்ன கல்யாண பேண்டு செட்டா?"

"எதுவா இருந்தா என்ன? ஒரு வருஷமா அந்தக் கதவு முன்னாடியே உக்காந்திருக்கே. அதுவும் தொறக்கவே தொறக்காத கதவு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பெரியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அந்த இசைக்காரர் வேறு சத்தம் கிடைத்துவிட்டது என்று செய்தி அனுப்பினார்.

மேனேஜர் மென்மையாகப் பேசுகிற மனிதர். அவளை "மேடம்" என்று அழைத்து, டீ வரவழைத்து, ஷெட்டைத் தானே சுற்றிக் காட்டினார். உயரமான தகரக் கூரை. ஜன்னல்கள் எல்லாம் தூசி வராமல் அடைக்கப்பட்டிருந்தன. இரண்டு பெல்ட்டுகள், இரண்டு பக்கமும் தொப்பியும் முகமூடியுமாகப் பெண்கள். யார் யார் என்று அடையாளமே தெரியவில்லை. ஒரு ஜோடிக் கண் மட்டும் தன்னைப் பார்த்துச் சிமிட்டியபோது அது தன் தங்கை என்று பெரியவள் கண்டுகொண்டாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பெல்ட் மோட்டாரின் உறுமல் கீழே கனமாகப் படுத்திருந்தது. அதன்மேல் பெரிய டிரம் அடித்தால் இரண்டும் சேர்ந்து சகதியாகிவிடும். மேலே, டப்பாக்கள் உரசுகிற சரசரப்பு. இரண்டுக்கும் நடுவே காலியாக ஓர் இடம் இருந்தது. சத்தம் அங்கேதான் குடியிருக்க வேண்டும்.

மேனேஜரின் அறைக்குப் போனதும் இதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "டிரம் அடிச்சு ரெக்கார்டு பண்ணினதா இருந்தா, வேகத்தை மாத்தும்போது கொஞ்சம் சிதையும் சார்" என்றாள். "நான் பண்றது அப்படி இல்ல. ஒரு சின்னப் பெட்டி பண்ணித் தர்றேன். அதுக்குள்ள ஒவ்வொரு அடியும் அந்தந்த நேரத்துல புதுசாப் பொறக்கும். மெதுவா வெச்சாலும் வேகமா வெச்சாலும் சத்தம் அப்படியே இருக்கும்."

"அப்படியா?" என்று மேனேஜர் அப்போதுதான் பேப்பரைக் கீழே வைத்தார். "எவ்வளவு வேகம் வெச்சாலும்?"

"எவ்வளவு வெச்சாலும்."

வெகுநாட்களுக்குப் பிறகு ஒருவர் தன் வேலையைப் பற்றிக் கேட்டதில் அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அடுத்த பத்துப் பதினைந்து நாட்கள் அந்த வீட்டில் திருவிழா மாதிரிதான். சின்னவள் வேலையிலிருந்து வந்ததும் கதவுமேசைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். பெரியவள் ஒவ்வொரு சத்தமாகப் போட்டுக் காட்டுவாள்.

"இது பல்லு டாக்டர்கிட்ட போன மாதிரி இருக்கு."

"இது?"

"யாரோ வாசக் கதவைத் தட்டுறான். எழுந்து போய்த் திறக்கணும்னு தோணுது. வேணாம்."

"அப்ப எப்படித்தான் இருக்கணும்? சொல்லித் தொலை."

சின்னவள் யோசித்தாள். யோசிக்கும்போது கீழ் உதட்டைப் பல்லால் கடித்துக்கொள்வது அவள் சின்ன வயசுப் பழக்கம். "எங்க பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து, அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பண்ணிட்டிருக்கிற மாதிரி இருக்கணும்க்கா. நம்மளைப் பாக்கவும் கூடாது, அதட்டவும் கூடாது. துணைக்கு இருக்கணும். அவ்வளவுதான்."

அவள் விரல் கணுக்களால் அலமாரியின் பக்கவாட்டில் மெல்லத் தட்டிக் காட்டினாள். பெரியவள் அந்தத் தட்டலைக் காதில் வாங்கிக்கொண்டாள். வழுவழுப்பான ஓர் அலை, நடு உயரத்தில். அது தொடங்குகிற நொடியில் மட்டும் ஒரு துளி இரைச்சல், விரல் எலும்பு மரத்தில் படுகிற மாதிரி. பிறகு உடனே அணைந்துவிட வேண்டும், ஆனால் அணைகிறபோது ஒரு சூடு மிஞ்ச வேண்டும். இரண்டு நாள் பிடித்தது. ஒரே அடி திரும்பத் திரும்ப விழுந்தால் காது சலித்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே ஒவ்வோர் அடியும் போன அடியிலிருந்து இம்மியளவு மாறுகிற மாதிரி அமைத்தாள், சுருதியில் ஒரு நூல், பலத்தில் ஒரு நூல். மனுஷக் கை அப்படித்தான் தட்டும்.

பெட்டி தயாரானபோது அதன் முகப்பில் இரண்டே குமிழ்கள் வைத்தாள். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று வேகத்துக்கு.

"இதை எங்க லைன் பக்கத்துல வைக்கச் சொல்லுக்கா. எங்களுக்குத் தோதா நாங்களே திருப்பிக்கலாம்" என்றாள் சின்னவள்.

பெரியவள் அப்படியே போய்ச் சொன்னாள். மேனேஜர் ஏதோ நல்ல ஜோக்கைக் கேட்ட மாதிரி சிரித்தார். பெட்டியைத் தன் அறையில், நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஷெல்ஃபில் வைக்கச் சொன்னார். அவளும் அங்கேயே வைத்து, ஒயரை இழுத்து, ஸ்பீக்கர்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முதல் நாளே அந்தச் சத்தத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். லைனில் மூத்தவள், எல்லோரும் கண்ணாடிக்கா என்று கூப்பிடுகிறவள், வைத்தது: டொக்கு மாமா. "டொக்கு மாமா வந்தாச்சு, உக்காருங்கடி" என்பாளாம் காலையில். யாராவது சுணங்கினால், "மாமா பாக்குறாரு" என்பாளாம். அவருக்கு மீசை உண்டா இல்லையா என்று சாப்பாட்டு நேரத்தில் விவாதம் நடந்ததாகச் சின்னவள் வந்து சொன்னாள். பெரியவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். தான் செய்த ஒரு சத்தத்துக்கு யாரும் பெயர் வைத்ததே இல்லை. பாட்டுகளில் அது பாட்டோடு பாட்டாகப் போய்விடும்.

அதற்குப் பிறகு பெரியவளுக்கு வேறு இரண்டு சின்ன வேலைகள் வந்தன. ஒரு நாடகக் குழுவுக்கு இடி, பொம்மைக் கம்பெனிக்கு ஒரு மத்தளச் சத்தம். சின்னவள்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நேராகப் படுத்துவிடுவாள். ஒரு நாள் கையிலிருந்த டம்ளர் தானாக நழுவி விழுந்தது. இன்னொரு நாள் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"மரத்துப்போகுது. கட்டைவிரல்லேர்ந்து ரெண்டு விரல் என்னோடதே இல்லாத மாதிரி இருக்கு. கையைத் தொங்கப்போட்டு உதறினா சரியாயிடும்."

டாக்டர் மணிக்கட்டை மடக்கிப் பார்த்துவிட்டு நரம்பு நசுங்குகிறது என்றார். கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"வயசாகுதில்ல" என்றாள் சின்னவள் வெளியே வந்து. "எல்லாருக்குமே இப்படித்தான். கண்ணாடிக்கா வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுறா."

விஷயம் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னவள் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கிண்ணங்களைக் கவிழ்த்து வைக்கும்போது வாயில் ஏதோ முணுமுணுப்பு. டொக், டொக்டொக், டொக். பெரியவள் அறைக்குள் ஒரு ஒயருக்கு ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள். அது தன் தாளம்தான். ஆனால் ஏதோ இடித்தது. தெரிந்த முகம் ஒன்று தெருவில் ஓடுவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"ஏய், இங்க வா."

"கை ஈரமா இருக்கு."

"இருக்கட்டும், வா. ஷெட்டுல ஓடுமில்ல, அதே மாதிரி இந்தக் கதவுமேல தட்டு. யோசிக்காம தட்டு."

சின்னவள் இடது கையால் தட்டினாள். அந்தப் பெட்டிக்குச் செய்த மாதிரிப் பெட்டி ஒன்று பெரியவளிடம் இருந்தது. அதை, தான் கொடுத்தபோது வைத்திருந்த வேகத்தில் ஓடவிட்டாள். தங்கையின் கை அதைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. குமிழைத் திருப்பினாள். போதவில்லை. இன்னும் திருப்பினாள். இரண்டு சத்தமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே சத்தமானபோது, குமிழ் அவள் நினைத்தே பார்க்காத இடத்தில் நின்றது.

சின்னவள் முதலில் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினாள்.

"தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருக்காங்கடி."

"இல்லைக்கா, மாமா அப்படியேதான் இருக்காரு. சத்தம் மாறவே இல்லையே."

"மாறாது. மாறாத மாதிரிதான் பண்ணிக் கொடுத்தேன்."

சின்னவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வெகுநேரம் துடைத்தாள். "நாங்கதான் சோம்பேறி ஆயிட்டோம்னு நினைச்சோம்க்கா" என்றாள். "உடம்புல தெம்பு இல்லைன்னு நினைச்சோம். மாமா வழக்கம்போலத்தானே தட்டுறாரு, நமக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சோம்."

லைனில் யாரிடமும் இப்போதைக்குச் சொல்லாதே, நான் பேசிக்கொள்கிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, மறுநாள் பெரியவள் மேனேஜரைப் பார்க்கப் போனாள். டீ வந்தது. அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"உங்களுக்கே ஃபோன் பண்ணணும்னு இருந்தேன் மேடம். உங்க சவுண்டு பிரமாதம். எங்க மத்த ரெண்டு ஷெட்டுக்கும் கேக்குறாங்க."

"வேகத்தை ஏத்தியிருக்கீங்களே சார்."

"ஆமா." அவர் ஒளிக்கவில்லை. "ஒரேயடியா ஏத்தினா கஷ்டம். நீங்க பண்ணின பெட்டியில பூ மாதிரி ஏத்த முடியுது."

"கை வீணாப்போகுது சார். என் தங்கச்சிக்கு விரல் மரத்துப்போச்சு."

"யாரும் என்கிட்ட வந்து வேகமா இருக்குன்னு சொல்லலையே."

"அவங்களுக்குத் தெரியாது சார்."

"அதான் மேடம், தெரியாதபோது கஷ்டம் எங்கேர்ந்து வருது?" வாதத்துக்காகச் சொன்ன மாதிரி இல்லை, நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை போலத்தான் கேட்டார். அப்புறம் குரலைத் தணித்து, "உங்க தங்கச்சியைப் பத்தி நீங்க சொன்னதை நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன். கை சரியில்லாதவங்களை லைன்ல வெச்சுக்க எனக்கு உத்தரவு கிடையாது" என்றார்.

பெரியவள் டீயைக் குடிக்காமல் எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி, பெட்டியைக் கொஞ்சம் சரி பார்க்க வேண்டும், சூடேறியிருக்கும் என்றாள். தாராளமாக என்றார் மேனேஜர். அவர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பெட்டியைத் திறந்து, பையிலிருந்த லேப்டாப்பை இணைத்து, உள்ளே இருந்த நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். இனிமேல் குமிழ் எவ்வளவு தூரம் திரும்பினாலும் வேகம் ஓர் எல்லைக்கு மேல் போகாது. அந்த எல்லை, முதல் நாள் வைத்துக் கொடுத்த வேகம்; அதுவரை யாருக்கும் உறைக்காமல் சிறுகச் சிறுக இறங்கும்.

மூடியை முடுக்கிவிட்டு வெளியே வந்தாள். மேனேஜரிடம் பேசியாயிற்று, பார்ப்போம் என்று மட்டும் தங்கையிடம் சொன்னாள்; பெட்டியைத் தொட்டதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் வாய் நிற்காது, லைன் முழுக்கப் பரவிவிடும் என்று நினைத்தாள்.

இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. சின்னவள் மறுபடி ஷெட்டுக் கதைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தூங்கி எழுந்ததும் கையை உதறுவது குறைந்தது. "என்னமோ தெரியலைக்கா, உடம்பு தேறிட்டு வருது" என்றாள். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு சால்டர் வைத்தாள்.

மூன்றாவது வாரம் சின்னவள் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தலைமுடியில் அதன் தடம் மட்டும் வட்டமாக இருந்தது.

டப்பாக்கள் குறைகின்றன என்றதும் மேனேஜர் குமிழைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். கூடவில்லை. வேறோர் ஆளை வரவழைத்தார். மேனேஜர் முதல் நாளே பெட்டிக்குள் இருந்த நிரலுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார் போல. வந்த ஆள் அதைத் திரும்ப ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே மேனேஜர் ஏற்றி வைத்திருந்த பழைய வேகம், அதற்கு மேலும் கொஞ்சம். இரண்டு மணிநேரத்தில் சின்னவளின் கையிலிருந்து மாத்திரைப் பட்டைகள் சிதறின. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, தாளத்துக்குக் கை வரவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அப்போதே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"என்ன எழுதினாங்க?" என்று பெரியவள் மறுபடி கேட்டாள்.

"தாளத்துக்குக் கை வரலையாம்." சின்னவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நீ ஏதோ பண்ணியிருக்கேன்னு சொல்றாங்க. பண்ணியா?"

பெரியவள் சொன்னாள். சின்னவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது பெரியவளுக்கு.

மறுநாள் சாயங்காலம் கண்ணாடிக்கா மாடியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. முகமூடி இல்லாமல் பெரியவள் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடச் சின்ன வயசு. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கதவுமேசையையும் ஒயர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மாமா இங்கதான் பொறந்தாரா?"

பெரியவள் காலி டம்ளரை வாங்கி வைத்தாள்.

"குறை சொல்ல வரலைம்மா. ரெண்டு வாரமா டார்கெட் குறைஞ்சதுன்னு லைன் முழுக்க ஊக்கத்தொகையை நிறுத்திட்டாங்க. அதுகூடப் பரவாயில்ல." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "நீ நல்லதுன்னுதான் பண்ணே. ஆனா வேகம் ஏறுதுன்னு உனக்குத் தெரிஞ்சப்பவே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. அவங்களும் எங்களுக்குத் தெரியாம ஏத்தினாங்க, நீயும் எங்களுக்குத் தெரியாம இறக்கினே. நடுவுல நாங்க எல்லாம் என்ன, டப்பாவா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று பெரியவள் கேட்டாள். எதிர்த்துக் கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

"தெரியலை. எல்லாரும் ஒண்ணா கையை நிறுத்தியிருப்போமோ என்னமோ. நிறுத்தாமலும் இருந்திருப்போம்." அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "இப்ப கேட்டா ஆளுக்கொரு பக்கம் பாக்குறாங்க. வேகம் ஏறுதுன்னு நான் சொன்னா, இல்லையே, வழக்கம்போலத்தானே இருக்குன்னு சொல்றாங்க. காதால கேட்டா அப்படித்தானே இருக்கு."

போகும்போது சின்னவளின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

பெரியவளுக்கு அதன்பின் அந்தப் பக்கமிருந்து அழைப்பு வரவில்லை. மற்ற இரண்டு ஷெட்டுகளுக்கும் அதே பிரதியைப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். நாடகக் குழு கலைந்துவிட்டது. மூடியில்லாத சின்தசைசரை விற்றுவிடலாமா என்று ஒருவரிடம் கேட்டதற்கு, மூடி இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். சின்னவள் மூன்று இடங்களில் வேலை கேட்டாள். எல்லா இடத்திலும் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

மாத்திரை ஷெட்டுக்கே மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. பழையபடி நேரடியாக இல்லை; ஏஜென்ட் மூலமாக, தினக்கூலிக்கு. ஏஜென்ட்டுக்கு யார் முகமும் தெரியாது, யாரையும் பற்றி எழுதியதும் தெரியாது.

"போகாதே" என்றாள் பெரியவள்.

"போகாம?"

பெரியவள் செருப்பை மாட்டினாள். கூடவே கிளம்பினாள்.

கேட்டுக்கு வெளியே, சுற்றுச்சுவர் நிழலில் வரிசை நின்றிருந்தது. முப்பது நாற்பது பெண்கள் இருக்கும். பாதிப் பேர் சின்னவளைவிட இளையவர்கள். வரிசையின் தலைப்பில் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் காலி டப்பாக்களும் அட்டைத் துண்டுகளும். ஸ்டூலில் ஒரு ஸ்பீக்கர். ஒவ்வொருத்தியாகப் போய் மேசைமுன் நின்று, தாளத்துக்குத் தாளம் அட்டையைச் சொருகி மூடித் தள்ள வேண்டும். ஏஜென்ட் நாற்காலியில் சாய்ந்து அவர்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். சிலரை உள்ளே அனுப்பினான், சிலரை வெயிலுக்கு.

திறந்தவெளியில் அந்தச் சத்தத்தைப் பெரியவள் கேட்பது இதுவே முதல் தடவை. மோட்டார் உறுமல் இல்லை, தகரக் கூரை இல்லை. ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, சுத்தமாக, சூடாக வந்து விழுந்தது. எங்கேயும் பிசிறு இல்லை. இவ்வளவு வேகத்திலும் இல்லை. குறை கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று கேட்டாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

வரிசை நகர்ந்தது. நிற்கிற பெண்கள் எல்லோரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் கைகள் உடம்போடு ஒட்டித் தொங்கின. விரல்கள் மட்டும் தொடையின்மேல் காற்றிலிருந்து எதையோ எடுப்பதும் சொருகுவதுமாக இருந்தன, தாளம் தப்பாமல். மேசைக்குப் போவதற்குள் பழகிக்கொள்கிறார்கள்.

சின்னவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். அவள் பல்லால் முடிச்சைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டிலிருந்த பட்டையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்து, சுருங்கி, வேறு யாருடைய தோலோ போல இருந்தது. அவிழ்த்ததைச் சுருட்டி அக்காவின் கையில் திணித்தாள். பிறகு புடவைத் தலைப்பைக் கீழே இழுத்து அந்த வெளுப்பை மறைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே விரல்களை அசைக்கத் தொடங்கினாள். ஆள்காட்டி விரல் அசைந்தது. நடுவிரல் கொஞ்சம் பிந்தி அசைந்தது. கட்டைவிரல் அசையவில்லை. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, தாளத்துக்கு ஒருமுறை, தாளத்துக்கு ஒருமுறை, மடக்கி மடக்கி விட்டாள்.

"அடுத்தது" என்றான் ஏஜென்ட்.